கோடு ஒருவருடையது, நிறம் இன்னொருவருடையது

வாட்டர்கலர் பழகத் தொடங்குபவர்களில் பலர், சில மாதங்களிலேயே ஒரு பழைய கட்டடத்தின் முன்னால் போய் நிற்கிறார்கள். நேரில் அல்ல, படத்தில். தேர்ந்த ஓவியர் ஒருவர் எப்போதோ தீட்டிய இடிந்த மடாலயம், கோட்டை வாசல், வெனிஸ் நகரத்து மாளிகை என்று ஏதாவது ஒன்றை எதிரில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து அப்படியே தீட்டிப் பார்க்கிறார்கள். இப்படிப் பழகலாமா, கூடாதா என்பது பழைய வழக்கு. மூத்தவர்களின் கையைப் பின்தொடராமல் கை பழகாது என்பது ஒரு தரப்பு. பிறர் கண்ணால் பார்த்துப் பழகியவனுக்குச் சொந்தக் கண் திறக்காது என்பது மறுதரப்பு.

இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. நகலெடுப்பது நல்ல பள்ளிக்கூடம் என்றே நான் நம்புகிறேன். ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்தில் பெரும்பாலோர் வேறு பாடத்தைப் படித்துவிட்டு வருகிறார்கள். கட்டடத்தின் கோடுகளைப் பிசகாமல் போடுவதிலேயே உழைப்பு முழுவதும் தீர்ந்துவிடுகிறது. நிறம் என்பது கடைசியில் கட்டங்களை நிரப்பும் வேலையாக ஆகிவிடுகிறது. நீர்வண்ண ஓவியம் ஒன்று தன்னை நகலெடுப்பவருக்குக் கற்றுத்தரக்கூடியது, எந்த நிறம் முதலில் விழுந்தது, எது காய்ந்தபின் எது வந்தது என்கிற வரிசையை. அதைப் படிக்காதவருக்கு, எத்தனை படம் பார்த்துப் போட்டாலும் அடுத்த படம் புதுப்படம்தான்.

இந்த வழக்கில் முதல் சாட்சியாக நான் அழைப்பது லண்டனில் தேம்ஸ் கரையோரம் அடெல்ஃபி டெரஸ் என்ற வீட்டு வரிசையில் குடியிருந்த ஒரு மருத்துவரை. டாக்டர் தாமஸ் மன்ரோ, பெத்லெம் மனநல மருத்துவமனையின் மருத்துவர். ஓவியங்களைச் சேர்ப்பதில் தீராத ஆசை கொண்டவர். 1794-ஐ ஒட்டிய குளிர்காலங்களில் அவர் தன் வீட்டில் இளம் ஓவியர்களை மாலைநேரத்தில் உட்காரவைத்து, தன்னிடமிருந்த ஓவியங்களைப் பார்த்து வரையச் சொன்னார். வந்தவர்களில் இருவர் 1775-ல் பிறந்தவர்கள், அப்போது இருபது வயதை எட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் தாமஸ் கர்ட்டின். மற்றவர் ஜே. எம். டபிள்யூ. டர்னர்.

அங்கே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியக் காரணம் ஜோசப் ஃபாரிங்டன் என்ற ஓவியரின் நாட்குறிப்பு. டர்னரும் கர்ட்டினும் தன்னிடம் சொன்னதை அவர் 1798 நவம்பரில் எழுதிவைத்தார். மூன்று ஆண்டுகள் அந்த வீட்டுக்குப் போனார்கள். மாலை 6 மணிக்குப் போய் 10 மணிவரை இருப்பார்கள். ஜான் ராபர்ட் கோசன்ஸ் என்ற ஓவியரின் வெறும் கோட்டுப்படங்களையும் முடியாத படங்களையும் எடுத்து அவற்றை முழு ஓவியமாக ஆக்குவதே முக்கிய வேலை. கர்ட்டின் கோடு போடுவார். டர்னர் அதன்மேல் நிறநீர் பரப்புவார். டர்னருக்கு ஒரு மாலைக்கு மூன்றரை ஷில்லிங். கர்ட்டின் தனக்கு என்ன கிடைத்தது என்று சொல்லவில்லை.

இந்தச் சிறு குறிப்பில் ஒரு பாடத்திட்டமே அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. அங்கே கோடும் நிறமும் இரண்டு கைகளில் பிரிந்துகிடந்தன. டர்னர் மாலைதோறும் உட்கார்ந்தபோது, வளைவு சரியாக வந்திருக்கிறதா, கோபுரம் சாய்கிறதா என்ற கவலை அவர் பொறுப்பில் இல்லை. அவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றுதான்: இந்த மலைக்கும் அந்த மாளிகைக்கும் நடுவில் எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை நீரின் அடர்த்தியால் காட்டுவது. அந்த வீட்டில் உருவான படங்களில் ஏராளமானவை நீலமும் சாம்பலும் மட்டுமே கொண்டவை. குளிர்காலத்து மாலையில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் மஞ்சளையும் வெள்ளையையும் பிரித்தறிவதே கடினம் என்பதால் நிறங்களைக் குறைத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். காரணம் எதுவானாலும் பலன் பெரிது. இரண்டே நிறத்தில் வேலை செய்கிறவனுக்கு அழுத்தம், மென்மை என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது.

கோசன்ஸ் அப்போது நலமாக இல்லை. 1794-ல் மனநிலை குலைந்து, மன்ரோவின் கவனிப்பில் இருந்தார், 1797-ல் இறந்தார். இத்தாலியிலும் ஆல்ப்ஸ் மலையிலும் அவர் அலைந்து எடுத்துவந்த காட்சிகள், அந்த நாடுகளைப் பார்த்தே இராத இரண்டு இளைஞர்களின் கைவழியாக மறுபடி உயிர்பெற்றன. டர்னர் ரோமாபுரியை நேரில் பார்த்தது 1819-ல்தான். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே அதன் வெளிச்சத்தைத் தன் பிரஷ்ஷில் பழகியிருந்தார். கர்ட்டினுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை. 1802-ல், 27 வயதில் அவர் போய்விட்டார். 1833-ல் மன்ரோ இறந்து அவருடைய சேகரிப்பு ஏலத்துக்கு வந்தபோது, டர்னர் இளமைக்கால நகல்களில் பலவற்றைக் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார். அப்போது அவர் இங்கிலாந்தின் முதல்நிலை ஓவியர். பழகுகாலத்துப் பயிற்சித்தாள்களை விலைகொடுத்து மீட்க அவருக்கு வேறு தேவை எதுவும் இருந்திருக்க முடியாது.

டர்னருக்கு மன்ரோ வீடு முதல் பள்ளிக்கூடமும் அல்ல. சிறுவனாக பிரென்ட்ஃபோர்டில் மாமா வீட்டில் தங்கியிருந்தபோது, ஹென்றி பாஸ்வெல் வெளியிட்ட இங்கிலாந்துப் பழஞ்சின்னங்கள் பற்றிய புத்தகத்தின் அச்சுப்படங்களுக்குக் கையால் வண்ணம் தீட்டினார். அந்தப் புத்தகம் இன்றும் இருக்கிறது. கோட்டைகள், மடாலயங்கள், பாழடைந்த மதில்கள். கோடு அங்கேயும் வேறொருவருடையது, செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டது. பிறகு தாமஸ் மால்டன் என்ற கட்டடக்காட்சி ஓவியரிடம் முன்பின் தூரத்தைக் கணக்கிட்டு வரையும் முறையைக் கற்றார். 1789 டிசம்பரில் 14 வயதில் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். அங்கே கற்பித்தது சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரைவதை. நீர்வண்ணத்தை அந்தப் பள்ளி கற்பிக்கவில்லை. எனவே 1790-ல் லாம்பெத் அரண்மனையைக் காட்டும் அவருடைய நீர்வண்ணம் முதன்முதலாக அகாடமிக் கண்காட்சியில் தொங்கியதற்கு, வகுப்பறைக்கு வெளியே நடந்த பயிற்சியே காரணம்.

அந்தக் காலத்து நீர்வண்ண முறையே நகலுக்குத் தோதானது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பால் சாண்ட்பி தலைமுறையில் முதலில் பென்சிலால் அல்லது பேனாவால் கோடு. அதன்மேல் சாம்பல் நிறத்தில் நிழல்கள் எல்லாம். அது காய்ந்தபின் ஓட்டுக்குச் சிவப்பு, புல்லுக்குப் பச்சை, வானுக்கு நீலம் என்று மெல்லிய நிறங்கள். ஒளியும் நிழலும் முதல் கட்டத்திலேயே முடிந்துவிடும், நிறம் அதற்கு மேற்பூச்சு. சாண்ட்பி 1768 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வுல்விச் ராணுவப் பள்ளியில் தலைமை ஓவிய ஆசிரியராக இருந்தார். அங்கே பயிற்சி பெற்ற அதிகாரிகள் போன இடமெல்லாம் இந்த முறையும் போயிற்று. கர்ட்டினும் டர்னரும் அந்தச் சாம்பல் அடித்தளத்தைப் படிப்படியாகக் கைவிட்டு, நிழலையே நிறமாகத் தீட்டத் தொடங்கினார்கள். ஆனால் பழைய முறையில் ஊறிய பிறகே அதை விட்டார்கள். இன்று பழகுகிறவர்கள் நேரடியாகக் கடைசிக் கட்டத்தில் குதித்து, நிறத்தையும் நிழலையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்துத் திணறுகிறார்கள்.

ஒரு படத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். வேல்ஸ் எல்லையில் வை ஆற்றங்கரையில் இருக்கும் டின்டர்ன் மடாலயம். 1536-ல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது கைவிடப்பட்டு, கூரை ஈயம் உருவப்பட்டு, மழைக்குத் திறந்துகிடந்த கட்டடம். டர்னர் 1792-ல் அங்கே போனார். 1794-ல் அவர் தீட்டிய உட்புறக் காட்சியில், உயர்ந்து நிற்கும் வளைவுகளின் ஊடாகக் கிழக்குச் சாளரம் தெரிகிறது. கூரையில்லாத உச்சியிலிருந்து கொடிகள் தொங்குகின்றன. கீழே மனிதர்கள் எறும்பாக நிற்கிறார்கள்.

இதை நகலெடுக்க உட்காருகிறவர் முதலில் பென்சிலைத் தொடாமல், படத்தைப் பார்த்து ஒரு பட்டியல் போடவேண்டும் என்பேன். தாளின் வெள்ளை எங்கெல்லாம் அப்படியே மிஞ்சியிருக்கிறது? சாளரத்தின் வழியே தெரியும் வானத்திலும், வெயில் விழும் தூண்முகங்களிலும். அப்படியானால் அந்த இடங்களைத் தொடாமல் வேலை நடந்திருக்கிறது, அல்லது பிறகு ஈரப் பிரஷ்ஷால் நனைத்து ஒற்றி எடுக்கப்பட்டிருக்கிறது. எந்தெந்த ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது, எது கரைந்து மங்குகிறது? வெட்டிய ஓரம் என்றால் அடியிலிருந்த பூச்சு முற்றிலும் காய்ந்தபின் மேற்பூச்சு வந்திருக்கிறது. கரைந்த ஓரம் என்றால் ஈரத்தின்மேல் ஈரம். கல்லின் வெதுவெதுப்பான மஞ்சள் நிழலுக்கு உள்ளேயும் மெல்லத் தெரிகிறதா? தெரிந்தால் மஞ்சள் முதலில் பரவியது, நீலச்சாம்பல் அதன்மேல் வந்தது. கொடிகளின் கரும்பச்சை எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அது கடைசி. நீர்வண்ணம் ஒளி ஊடுருவும் பூச்சு என்பதால் இந்த விசாரணை சாத்தியமாகிறது. எண்ணெய் வண்ணத்தில் மேல்பூச்சு கீழ்ப்பூச்சை விழுங்கிவிடும். நீர்வண்ணத்தில் முதல் நாள் செய்தது கடைசி நாள்வரை தாளில் தெரிந்துகொண்டே இருக்கும்.

கட்டடம் இந்த விசாரணைக்கு ஏற்ற பொருள். மரத்துக்கும் மேகத்துக்கும் ஓரம் எங்கே முடிகிறது என்று சொல்லமுடியாது. தூணுக்குச் சொல்லலாம். தூணின் ஒரு முகம் வெயிலில், அடுத்த முகம் நிழலில். இரண்டுக்கும் நடுவில் ஒரே நேர்கோடு. அந்தக் கோட்டின் இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசத்தை அளக்க முடியும். உருண்டைத் தூண் என்றால், வெளிச்சம் நிழலாக மாறும் இடம் மென்மையாக இருக்கவேண்டும், தூண் தரையில் எறியும் நிழலின் ஓரம் கூர்மையாக இருக்கவேண்டும். ஒரே தூணில் இரண்டு வித ஓரத்தையும் பழகிவிடலாம்.

பழகவேண்டியது இந்த ஓரங்களும் அழுத்தமும் என்பதால்தான், கோட்டுப்படத்தை ஒற்றியெடுங்கள் என்கிறேன். டிரேசிங் தாளோ, லைட் பாக்ஸோ, ஜன்னல் கண்ணாடியோ எதுவானாலும் சரி. இது ஏமாற்று என்று நினைப்பவர்கள் கர்ட்டின் போட்ட கோட்டின்மேல் வேலை செய்த டர்னரை நினைத்துக்கொள்ளட்டும். ஒரே கோட்டுப்படத்தை நான்கைந்து தாளில் ஒற்றிவைத்துக்கொண்டால், முதல் தாளில் சாம்பல் மட்டும், அடுத்ததில் இரண்டு நிறம், பிறகு முழு நிறம் என்று ஏறலாம். ஒரு தாள் கெட்டால் போன உழைப்பு அரை மணிநேரம். கோட்டை வாரக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்தவர், அது கெட்டுவிடுமோ என்ற பயத்திலேயே பிரஷ்ஷில் நீரைக் குறைத்துவிடுகிறார். அந்தப் பயம் படத்தில் தெரியும். வறண்டு, திட்டுத்திட்டாக, உயிரில்லாமல் கிடக்கும்.

நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். பெரிய சுவர்ப்பரப்பு ஒன்றுக்கு வாஷ் விடும்போது பலகையைச் சற்றுச் சாய்த்து வைத்து, பிரஷ் நிறைய நிறநீரை எடுத்து மேலோரத்தில் இடமிருந்து வலமாக இழுத்தால், அந்த இழுப்பின் அடிவிளிம்பில் நீர் திரண்டு நிற்கும். அடுத்த இழுப்பு அந்தத் திரட்சியைத் தொட்டு, அதைக் கீழே இறக்கிக்கொண்டு போகவேண்டும். திரட்சி வற்றிவிட்டால் கோடு விழும். மிஞ்சினால் வழிந்து ஓடும். கடைசியில் அடியோரத்தில் தேங்கும் நீரைப் பிழிந்த பிரஷ்ஷால் உறிஞ்சி எடுத்துவிடவேண்டும். எடுக்காமல் விட்டால், சுற்றிலும் காய்ந்துகொண்டிருக்கும் இடத்துக்கு அது பின்வாங்கிப் பரவி, பூக்கோசு விரிந்ததுபோல் ஒரு கறையை உண்டாக்கும். ஈரமாக இருக்கும்போது சரியாகத் தெரியும் அழுத்தம் காய்ந்தபின் வெளுத்துப்போகும் என்பது இன்னொரு தொல்லை. மூலப்படத்தின் காய்ந்த நிறத்தோடு நம் ஈர நிறத்தை ஒப்பிட்டால் எப்போதும் ஏமாறுவோம். அதே தாளின் துண்டு ஒன்றில் பூசி, காயவைத்து, பிறகு ஒப்பிடுவதே வழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகலெடுப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. மன்ரோ வீட்டுக்கு வந்த இளைஞர்களில் ஒருவரான ஜான் செல் காட்மன், சொந்த ஊரான நாரிச்சுக்குத் திரும்பியபின் 1809-ல் ஒரு ஓவிய நூலகம் தொடங்கினார். சந்தா கட்டினால் அவருடைய படங்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து வரையலாம். ஏறத்தாழ 600 படங்கள் அதில் இருந்தன. தேவாலயங்களையும் பாலங்களையும் காட்மன் தீட்டிய முறை, என் பார்வையில், பழகுகிறவர்களுக்கு டர்னரைவிட உகந்தது. அவர் தட்டையான நிறத்துண்டுகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைக்கிறார். எந்தத் துண்டு எதன்மேல் ஏறியிருக்கிறது என்பது ஒளிவுமறைவில்லாமல் தெரிகிறது. பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கும் ‘கிரேட்டா பாலம்’ அப்படிப்பட்ட படம். ஒற்றை வளைவுக் கல்பாலமும் அதன் நீர்நிழலும் சில பூச்சுகளில் முடிந்துவிடுகின்றன. லண்டனில் ஆக்கர்மனின் கடையும் படங்களை நகலெடுக்க வாடகைக்குத் தந்தது. பாரிஸ் கட்டடக்கலைப் பள்ளியில் மாணவர்கள் கிரேக்க, ரோமானியத் தூண்தலைகளைப் பார்த்து, மிக நீர்த்த மையை அடுக்கடுக்காகப் பரப்பி நிழல் கொண்டுவரும் முறையைப் பழகினார்கள். ஒரு அழுத்தத்தை ஒரே பூச்சில் அடையாமல் பல மெல்லிய பூச்சுகளில் அடைவது அதன் சாரம்.

பிறகு வந்தது நிறுவனம். 1850-களில் ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் லண்டனின் சவுத் கென்சிங்டனில் வகுத்த பாடத்திட்டம் 23 படிகள் கொண்டது. அச்சிட்ட மாதிரிப்படத்தைப் பார்த்துப் பிசகில்லாமல் வெளிக்கோடு போடுவது அதன் அடிப்படை. கைத்தொழிலாளர்களுக்கு வடிவமைப்பு கற்பிப்பது நோக்கம் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் கோட்டின் துல்லியம் அளவிடக்கூடியது, மதிப்பெண் போடக்கூடியது. ஆகவே பரீட்சை அதையே கேட்டது, பரீட்சை கேட்டதையே பள்ளிகள் கற்பித்தன. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளி அந்தக் காலத்துக் காற்றில்தான் வளர்ந்தது. தமிழ்நாட்டு அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன் எழுதித் தேறிய ஓவிய ஆசிரியர்களிடம் படித்தவர்களுக்கு அதன் நெடி தெரியும். இருபக்கமும் சமமான ஒரு கொடிவடிவத்தை நடுக்கோடு போட்டு, அளந்து, அழித்து, மறுபடி அளந்து முடிப்பது. கை உறுதிப்பட்டது உண்மை. நகல் என்றாலே கோட்டு நகல்தான் என்ற எண்ணம் நம் ஊரில் இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு இந்தப் பரம்பரையையே நான் காரணமாகச் சொல்வேன். வாட்டர்கலர் வகுப்புக்கு வருகிறவர்கள் அளவுகோலோடு வருவது அங்கிருந்துதான்.

நகலுக்கு எதிரான குரலும் இந்த இறுக்கத்திலிருந்தே பிறந்தது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சிஷெக் 1897-ல் குழந்தைகளுக்கான ஓவிய வகுப்பைத் தொடங்கியபோது, பார்த்துப் போடுவதை ஒதுக்கி, மனத்தில் இருப்பதை வரையச் சொன்னார். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-ல் வெளியிட்ட நூல், நகலெடுப்பதும் வண்ணம்தீட்டும் புத்தகங்களும் குழந்தையின் சொந்த வெளிப்பாட்டைக் கெடுக்கும் என்ற கருத்தை உலகெங்கும் ஆசிரியர் பயிற்சிக்குள் கொண்டுபோயிற்று. குழந்தைகள் விஷயத்தில் அவர்கள் சொன்னதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் நீர் எவ்வளவு, தாள் எவ்வளவு ஈரம் என்ற கைப்பழக்கத்தைத் தேடிவரும் வயதுவந்தவருக்கு அதே தடையை நீட்டிப்பதில் பொருளில்லை. பாஸ்வெல் புத்தகத்தில் வண்ணம் தீட்டிய சிறுவனின் கற்பனை அதனால் வற்றிவிடவில்லை என்பதையும் அந்தப் பக்கத்துக் கணக்கில் சேர்க்கவேண்டும்.

சோதனைகளும் உண்டு. ஜப்பானைச் சேர்ந்த தகேஷி ஒகாடாவும் கென்டாரோ இஷிபாஷியும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ஓவியப் பயிற்சி இல்லாத கல்லூரி மாணவர்களை ஓர் ஓவியரின் படங்களை நகலெடுக்கச் சொல்லி, பிறகு சொந்தமாக வரையச் சொன்னார்கள். பழக்கமில்லாத பாணியில் இருந்த அருவப் படங்களை நகலெடுத்தவர்களின் சொந்தப் படங்களில் புதுமை கூடியிருந்தது. ஏற்கெனவே பழக்கமான, பார்த்தது பார்த்தபடி வரையும் பாணியை நகலெடுத்தவர்களிடம் அந்தப் பலன் தென்படவில்லை. நகலே செய்யாமல், அந்நியமான படத்தை ஆழ்ந்து பார்த்தவர்களுக்கும் அந்தப் பலன் கிடைத்தது. அந்த ஆய்வு நீர்வண்ணத்தைப் பற்றியது அல்ல. ஆனாலும் எனக்கு அது முக்கியம். கையசைவு இல்லாமலும், அந்நியமான படத்தைக் கூர்ந்து பார்ப்பதே பலன் தரும் என்று அது சுட்டுகிறது. டேல் கோஹென் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் எளிமையானது. பார்த்து வரையும்போது கண்ணை அடிக்கடி மூலத்துக்கும் தாளுக்கும் மாற்றுகிறவர்களின் படம் கூடுதல் துல்லியமாக வருகிறது. நெடுநேரம் பார்த்துவிட்டு நெடுநேரம் வரைகிறவர், நடுவில் நினைவிலிருந்து இட்டுக்கட்டத் தொடங்கிவிடுகிறார்.

இன்றைய நகலுக்கும் மன்ரோ வீட்டு நகலுக்கும் ஒரு பெரிய இடைவெளி உண்டு. அவர்கள் அசலைக் கையில் வைத்திருந்தார்கள். நாம் அச்சையோ திரையையோ பார்க்கிறோம். நீர்வண்ணங்கள் வெளிச்சத்தில் வெளுப்பவை என்பதால் அருங்காட்சியகங்கள் அவற்றைப் பெட்டிகளில் அடைத்து, சிறிது காலமே மங்கிய வெளிச்சத்தில் காட்டுகின்றன. படிப்பறைக்கு முன்பதிவு செய்துகொண்டு போனால் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஆனால் அங்கே பென்சில் தவிர வேறெதுவும் அனுமதி இல்லை. திரையிலோ தாளின் சொரசொரப்பும் அல்ட்ராமரைன் துகள் குழிகளில் தங்கும் அழகும் தட்டையாகிவிடுகின்றன. படத்தின் உண்மையான அளவும் தெரிவதில்லை. உள்ளங்கை அகலப் படத்தை அரைத்தாளுக்குப் பெருக்கி வரைகிறவருக்கு, அந்த ஓவியர் ஒரே பிரஷ் தொடுகையில் முடித்ததைப் பத்துத் தொடுகையில் செய்ய நேர்கிறது. அளவைத் தேடிப்பிடித்து, அதே அளவில் வரைவது நல்லது.

நிறம் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கர்ட்டினின் படங்கள் பலவற்றில் வானமும் தூரத்து மேகமும் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ தெரிகின்றன. அது அந்திப்பொழுது அல்ல. அவுரியிலிருந்து எடுத்த இண்டிகோ நீலத்தோடு செம்மண் சிவப்பைக் கலந்து சாம்பல் உண்டாக்குவது அன்றைய வழக்கம். ஆண்டுக்கணக்கில் வெளிச்சம் பட்டதில் நீலம் போய்விட்டது, மண்சிவப்பு தங்கிவிட்டது. இந்தச் சிக்கல் பெரிய சர்ச்சையாகி, ரஸ்ஸல், அப்னி என்ற இரு விஞ்ஞானிகள் சோதித்து 1888-ல் ஓர் அறிக்கையே கொடுத்தார்கள். கர்ட்டினை இன்று நிறத்துக்கு நிறம் நகலெடுப்பவர் அவர் தீட்டாத படத்தை நகலெடுக்கிறார். வரிசையைப் படிப்பவருக்கு இந்த ஆபத்து குறைவு. நிறம் வெளுத்தாலும் எது எதன்மேல் ஏறியது என்பது வெளுப்பதில்லை.

தாளும் ஏமாற்றும். பள்ளி கார்ட்ரிட்ஜ் தாளில் டின்டர்னை முயன்று தோற்றவர் தன் கையைக் குறைசொல்கிறார். மெல்லிய தாள் நெளிந்து, நீர் பள்ளங்களில் தேங்கி, மேலே விவரித்த வாஷ் எந்தக் கைக்கும் வராது. பருத்தியால் செய்த 300 ஜிஎஸ்எம் தாள் விலை அதிகம்தான். நிறங்களைக் குறைத்துக்கொண்டு அந்தக் காசைத் தாளில் போடலாம். யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் மூன்றும் போதும், பழைய கல் கட்டடம் எதையும் தீட்டிவிடலாம்.

இனி, சொந்தக் கண் திறக்காது என்ற குற்றச்சாட்டு. டர்னரின் ஆண்டுக்காலண்டரே அதற்குப் பதில். குளிர்கால மாலைகள் மன்ரோ வீட்டில். கோடையில் வேல்ஸ், மிட்லண்ட்ஸ், 1797-ல் வட இங்கிலாந்து என்று கால்நடையாகவும் வண்டியிலும் போய், கட்டடங்களின் முன் நின்று பென்சிலால் வரைந்துகொண்டு திரும்புவார். நகலில் கற்ற வரிசையைக் கோடையில் கண்ட கல்லின்மேல் போட்டுப் பார்த்தார். கோடையில் தீராத கேள்விகளோடு மறுபடி நகலுக்கு வந்தார். இந்த மாற்றிமாற்றிச் செய்வது அறுந்துபோனால், நகலெடுப்பது அலங்கார வேலையாகத் தேய்ந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதைச் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் இந்தியாவுக்கு வந்து வரைந்தவற்றிலிருந்து 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 அச்சுப்படங்கள் வெளியிட்டார்கள். வடநாட்டுப் பயணத்தில் அவர்கள், தங்களுக்கு முன்னால் வந்துபோன வில்லியம் ஹாட்ஜஸின் படங்களைக் கட்டடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றைக் குறித்துக்கொண்டவர்கள். 1792-ல் தெற்கே இறங்கி மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று சுற்றினார்கள். தஞ்சைப் பெரிய கோயிலும் மதுரை நாயக்கர் அரண்மனையின் இடிபாடும் 1798-ல் அச்சேறின. இவை செப்புத்தகட்டில் அமிலத்தால் அரித்து எடுத்த நிழலின்மேல் கையால் நிறம் தீட்டிய படங்கள். சாண்ட்பி காலத்துச் ‘சாம்பல் முதலில், நிறம் பிறகு’ முறையை இயந்திரம் பாதி, கை பாதியாகச் செய்தவை. ஆகவே நகலெடுக்கும்போது முதலில் சாம்பல் அடுக்குகளை முழுதாக முடித்து, காயவிட்டு, பிறகே மஞ்சளைத் தொடவேண்டும்.

அதை முடித்த கையோடு, அதே மூன்று நிறங்களை எடுத்துக்கொண்டு திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகலாம். டேனியல்கள் பார்த்த இடிபாடு இன்று இல்லை. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த 1866–72 காலத்தில் பழுதுபார்க்கும் வேலை நடந்தது. ஆனால் திறந்த முற்றமும் சுற்றிலும் பருத்த தூண்களும் வளைவுகளும் அதே இடத்தில் நிற்கின்றன, சுண்ணப் பூச்சின்மேல் வெயில் அதேபோல் விழுகிறது. அங்கே யாருடைய சாம்பல் அடுக்கும் முன்கூட்டி அச்சாகி இருக்காது. தூண், வளைவு, சுவர் எல்லாவற்றின்மேலும் ஒரே இளமஞ்சளைப் பரப்பிவிட்டுத் தொடங்குவதா, வெயில் பட்ட முகங்களைத் தாளின் வெள்ளையாகவே விட்டு நிழலிலிருந்து தொடங்குவதா என்பதை, பிரஷ்ஷை நீரில் தோய்ப்பதற்கு முன்னால் நாமே முடிவுசெய்ய வேண்டும்.